பார்த்தெழுதும் பிள்ளைகள்

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றுக்கு அண்மையில் சென்றிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் 14 பிள்ளைகள். வகுப்பாசிரியை அரைமணி நேரம் வகுப்பை என்னிடம் ஒப்படைத்தார். பிள்ளைகளின் குறிப்பேடுகளைப் புரட்டினேன். முத்து முத்தான கையெழுத்து. பிழைகளும் அரிதாகவே இருந்தன. 'நேற்று மாலை பள்ளி விட்டு வீட்டுக்குப் போன பிறகு நடந்த ஏதேனும் ஒன்றை எழுதுங்கள்' என்றேன். எல்லோரும் பென்சிலை எடுத்தார்கள். யாரும் எழுதத் தொடங்கவில்லை. சற்று நேரம் கழித்து முன்வரிசையில் இருந்த சிறுமி எழுந்து, 'சார், எதப் பாத்து எழுதணும்?' என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் அவளுடைய குற்றம் எதுவுமில்லை. எழுதுவது என்றால் ஏதாவது ஒன்றைப் பார்த்து எழுதுவது என்றே ஐந்தாண்டுகளாக அவள் பழகியிருக்கிறாள். முதல் வகுப்பில் ஆசிரியர் எழுதிக் கொடுத்த எழுத்தைப் பார்த்து எழுதினாள். பிறகு கரும்பலகையைப் பார்த்து எழுதினாள். பிறகு பாடநூலைப் பார்த்து வினாவுக்கு விடை எழுதினாள். பார்க்க எதுவும் இல்லாதபோது ஆசிரியர் 'சொல்வதை எழுது' என்றார். காதால் கேட்டதை எழுதினாள். கண்ணுக்கும் காதுக்கும் அப்பால், தன் மனத்தில் இருப்பதையும் எழுதலாம் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

தமிழில் 'எழுது' என்ற சொல் மிக விரிந்த பொருளுடையது. கண்ணுக்கு மை எழுதினார்கள்; சுவரில் ஓவியம் எழுதினார்கள். பள்ளிக்கூடத்துக்குள் வந்ததும் அச்சொல் சுருங்கிவிட்டது. கையெழுத்து, பார்த்தெழுதுதல், சொல்வதெழுதுதல் என்னும் மூன்றையும் முடித்துவிட்டால் எழுதக் கற்பித்தாயிற்று என்று நாம் கருதுகிறோம். இவை மூன்றும் தேவையானவை. ஆனால், இவை எழுதுவதற்கான ஆயத்தங்கள். ஆயத்தத்திலேயே ஐந்தாண்டுகளைக் கழித்துவிட்டு, ஆறாம் வகுப்பில் திடீரென்று 'கட்டுரை வரைக' என்கிறோம். பிள்ளைகள் உரைநூலை வாங்கி மனப்பாடம் செய்கிறார்கள்.

நம் மாநிலத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதிப் பழகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் ஒரே நோய்தான் வருகிறது. காய்ச்சலும் தலைவலியும். பாட்டி இறந்ததாலோ, நாற்று நடவுக்குப் போன அம்மாவுக்குப் பதிலாகத் தம்பியைப் பார்த்துக்கொள்ள நேர்ந்ததாலோ பள்ளிக்கு வர முடியவில்லை என்று ஒரு பிள்ளை எழுதி நான் பார்த்ததில்லை. உண்மையில் அந்தப் பிள்ளைகள் விடுப்பு எடுப்பது இத்தகைய காரணங்களால்தான்.

பார்த்தெழுதும் பழக்கத்தைத் திண்ணைப் பள்ளியின் மிச்சம் என்று சிலர் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. திண்ணைப் பள்ளியில் மனப்பாடமும் அடியும் இருந்தன. அவற்றைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால், எழுத்து அங்கே மணலில் தொடங்கியது. பரப்பிய மணலில் பிள்ளை விரலால் எழுதும். தவறினால் உள்ளங்கையால் தடவிவிட்டு மீண்டும் எழுதும். ஓலைக்கும் எழுத்தாணிக்கும் வருவதற்குள் விரல் பழகிவிடும். தவறு எதுவும் தடமாக நிற்காது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளி ஒன்றின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. நம்மூர் மணல் அங்கே போனது. அங்கிருந்து நமக்கு வந்து சேர்ந்தது குறிப்பேடும் சிவப்பு மையும்.

மணலுக்கு அடுத்து வந்த சிலேட்டும் இந்த வகையில் நல்லதே. பலப்பத்தால் எழுதி, கோவை இலையால் துடைத்து வளர்ந்த தலைமுறைக்கு முதல் வகுப்பின் பிழைகள் எங்கும் பதிவாகவில்லை. இன்று மழலையர் வகுப்பிலேயே குறிப்பேடு வந்துவிட்டது. விரல் தசைகள் பென்சிலைப் பிடிக்கவே பக்குவப்படாத மூன்றரை வயதில் கோடு தாண்டாமல் எழுதச் சொல்கிறார்கள்; வீட்டுப்பாடமும் கொடுக்கிறார்கள். முதல் இரு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018-இல் சொல்ல வேண்டியிருந்தது. பெற்றோர்களே அதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

தமிழை எழுதக் கற்பது ஒரு குழந்தைக்கு எத்தகைய வேலை என்பதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் என்று அச்சுறுத்துகிறோம். உண்மையில் 247 வடிவங்களைக் கற்க வேண்டியதில்லை. 30 அடிப்படை வடிவங்களும் துணைக்கால், கொம்பு போன்ற சில குறிகளும் தெரிந்தால் பெரும்பகுதி கைவந்துவிடும். உகர, ஊகார வரிசைகள்தான் பிடிகொடுக்காதவை. கு, சு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து வால் வேறுபடும். ணா, றா, னா, லை, ளை முதலியவையும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தன. பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்று 1978-இல் தமிழக அரசு அவற்றை ஒழுங்குபடுத்தியதால் அந்தச் சுமை நீங்கியது.

வேறொரு சிக்கலை எந்த அரசாணையும் நீக்க முடியாது. 'தேன்' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது தகர ஒலி. ஏகாரம் அதன் பின்னர்தான் ஒலிக்கிறது. எழுதும்போதோ இரட்டைக்கொம்பை முதலில் போட்டுவிட்டுத் தகரத்தை எழுத வேண்டும். 'கொடி' என்பதில் ஓர் ஒலிக்கான குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. முதல் வகுப்புப் பிள்ளை தகரத்தை எழுதிவிட்டுக் கொம்பை அதன் வலப்புறத்தில் போட்டால் நாம் அதைக் கவனக்குறைவு என்கிறோம். ஒலியைச் சரியாகப் பிரித்துக் கேட்டு, கேட்ட வரிசையிலேயே எழுதியிருக்கிறது அந்தக் குழந்தை. அது தவறுதான், ஆனால் சிந்திக்கும் குழந்தை செய்கிற தவறு. பார்த்து மட்டுமே எழுதும் பிள்ளை இந்தத் தவறைச் செய்யாது. ஒலியைப் பற்றி நினைக்காமலே வடிவத்தைப் படமாகப் பார்த்து வரைந்துவிடும்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளை தமிழ் தெரியாமல் வருவதில்லை. ஆயிரக்கணக்கான சொற்களோடும், கேட்டவர் வியக்கும் வாக்கியங்களோடும் வருகிறது. ஆனால், அது பேசும் தமிழ் எழுதும் தமிழன்று. 'வந்துச்சு' என்று பேசும் பிள்ளை 'வந்தது' என்று எழுத வேண்டும். 'வூட்டாண்ட' என்பதை 'வீட்டருகே' என்று எழுத வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு எழுதக் கற்பது என்பது பாதி ஒரு புதிய மொழியைக் கற்பது. இதை நாம் ஒப்புக்கொள்வதில்லை. தாய்மொழிதானே, தானாக வரும் என்கிறோம். வராதபோது சிவப்பு மையை எடுக்கிறோம்.

அந்தச் சிவப்பு மையை நானே பல ஆண்டுகள் பயன்படுத்தியவன். தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தபோது மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நான் கேட்காமலேயே, கணக்குக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'எங்க ஆடு ரண்டு குட்டி போட்டுச்சு. ஒன்னு செத்துப்போச்சு. அம்மா அழுவல. நா அழுதன்.' பிழைகளைத் திருத்தினேன். 'எங்க' என்பதை 'எங்கள்' ஆக்கினேன். 'ரண்டு' என்பதை 'இரண்டு' ஆக்கினேன். 'அழுவல' என்பதற்கு மேல் 'அழவில்லை' என்று எழுதினேன். நான்கு சிறு வாக்கியங்களில் ஏழு திருத்தங்கள். கணக்குக் குறிப்பேட்டில் வேறு எதுவும் எழுதக் கூடாது என்றும் கீழே குறித்தேன். சில நாள்கள் கழித்து 'ஆடு' என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். 'ஆடு ஒரு வீட்டு விலங்கு. ஆடு தழை தின்னும். ஆடு பால் தரும்' என்று எழுதினாள். பிழையே இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

அவள் என்னிடம் கற்றுக்கொண்டது என்ன என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. தெரிந்த ஆட்டைப் பற்றி எழுதினால் ஏழு சிவப்புக் கோடுகள். யாருடையதும் அல்லாத ஆட்டைப் பற்றி எழுதினால் முழு மதிப்பெண். குழந்தைகள் இந்தக் கணக்கை மிக விரைவில் போட்டுவிடுவார்கள். பிழையின்றி எழுதத் தெரிந்த சொற்களுக்குள் தங்கள் உலகத்தைச் சுருக்கிக்கொள்வார்கள். நமக்கோ பிழைகள் குறைந்துவிட்டதாகத் தோன்றும்.

உலகின் வேறு சில மூலைகளில் ஆசிரியர்கள் இதே சுவரில் மோதி வழி கண்டிருக்கிறார்கள். நியூசிலாந்தில் மவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர், பாடநூலின் சொற்களைத் தள்ளி வைத்தார். தினமும் காலையில் ஒவ்வொரு குழந்தையிடமும் 'உனக்கு என்ன சொல் வேண்டும்?' என்று கேட்டார். குழந்தை சொன்ன சொல்லை அட்டையில் பெரிதாக எழுதி அதன் கையிலேயே கொடுத்தார். மறுநாள் அந்த அட்டையை அடையாளம் காண முடிந்தால் சொல் குழந்தைக்கு உரியது. முடியாவிட்டால் அந்த அட்டையை எடுத்துவிடுவார். அச்சமும் அன்பும் தொட்ட சொற்களைக் குழந்தைகள் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டதை 1963-இல் வெளிவந்த தம் நூலில் அவர் விவரிக்கிறார். எழுதும் ஆசை அந்தச் சொற்களிலிருந்து பிறந்தது.

பிரான்ஸின் தென்பகுதிக் கிராமத்தில் செலஸ்தின் ஃப்ரெனே 1920-களில் செய்தது இன்னும் துணிச்சலானது. வகுப்பறைக்குள் ஒரு சிறிய அச்சுப்பொறியைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே அச்சுக் கோத்து, வேறு பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் அச்சிட்ட தாள்கள் வந்தன. வேறொருவர் படிக்கப் போகிறார் என்றதும் பிழை திருத்துவதற்குப் பிள்ளைகளுக்கே ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

இவை அயலாரின் கதைகள் என்று ஒதுக்க வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களில் முதியோருக்கு எழுத்தறிவித்தபோது, 'அம்மா, ஆடு' என்று தொடங்கவில்லை. அதன் தொடக்கப் பாடங்களில் இடம்பெற்ற சொற்களில் ஒன்று 'பட்டா'. எளிய வடிவம் கொண்ட பகரமும் டகரமும்தான் அதில் உள்ள எழுத்துகள். நிலமற்ற பெண்ணின் நெஞ்சில் அதைவிடக் கனமான சொல்லும் வேறில்லை. எழுதக் கற்றவர்கள் மனு எழுதினார்கள். முதியவர்களுக்கு நாம் அளித்த இந்த மரியாதையை ஏனோ ஆறு வயதுப் பிள்ளைக்கு அளிப்பதில்லை.

வகுப்பறையில் செய்யத்தக்கவை எளியவை. முதலில் பேச்சு. காலையில் பத்து நிமிடம் பிள்ளைகள் பேசட்டும். அவர்களில் ஒருவர் சொன்ன ஒரு வாக்கியத்தை ஆசிரியர் அப்படியே கரும்பலகையில் எழுதட்டும். 'வந்துச்சு' என்றால் 'வந்துச்சு' என்றே எழுதட்டும். தன் வாயிலிருந்து வந்த சொல் கரும்பலகையில் நிற்பதைப் பார்க்கும் முதல் வகுப்புப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பழக்கத்தைக் கைவிடமாட்டார்கள். எழுத்து என்பது நிறுத்தி வைக்கப்பட்ட பேச்சு என்பதை வேறு எந்த வழியிலும் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது. இரண்டாம் வகுப்பில் படம் வரைந்து அதன் கீழ் ஒரு வரி. மூன்றாம் வகுப்பிலிருந்து திருத்தம் இல்லாத ஒரு தனிக் குறிப்பேடு. அதில் ஆசிரியர் மதிப்பெண் போடக் கூடாது. படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டு எழுத வேண்டும். 'செத்துப்போன குட்டி என்ன நிறம்?' என்று நான் அன்று எழுதியிருந்தால் அவள் ஐந்தாவது வாக்கியத்தை எழுதியிருப்பாள்.

இப்படிச் செய்தால் பிழைகள் நிலைத்துவிடாவா, கொச்சைத் தமிழே எழுத்தாகிவிடாதா என்று தமிழறிந்தோர் கவலைப்படுவது நியாயமே. லகர, ளகர, ழகர வேறுபாடு தெரியாத தலைமுறை ஒன்று உருவாகிவருவதை நாமும் பார்க்கிறோம். ஆனால், அந்தத் தலைமுறை பார்த்தெழுதி வளர்ந்த தலைமுறைதான் என்பதை மறக்கலாகாது. திருத்த வேண்டாம் என்பதன்று கருத்து. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்த வேண்டாம் என்பதே. ஒரு வாரத்துக்கு ஒரு செய்தி போதும். இந்த வாரம் முற்றுப்புள்ளி. அடுத்த வாரம் ரகர, றகரம். பிள்ளை தான் எழுதியதை உரக்கப் படித்தால் விடுபட்ட எழுத்துகளில் பலவற்றைத் தானே கண்டுபிடித்துவிடும். மூன்று, நான்காம் வகுப்புகளில் கரும்பலகையை நடுவே கோடு கிழித்து, ஒருபுறம் பேசியபடியும் மறுபுறம் எழுத்துத் தமிழிலும் ஒரே வாக்கியத்தை எழுதிக் காட்டலாம். வீட்டு உடையும் பள்ளிச் சீருடையும் போல இரண்டும் பிள்ளைக்கு வேண்டும். பள்ளிச் சீருடையை அணிவிப்பதற்காக வீட்டு உடையை யாரும் எரிப்பதில்லை.

சுவர் இதழ் ஒன்று போதும், சரியாக எழுத வேண்டும் என்னும் அக்கறையை ஊட்டுவதற்கு. தொடக்கப் பள்ளி மாணவர்களுக்காகப் பள்ளிக்கல்வித் துறை 'ஊஞ்சல்' என்னும் இதழை வெளியிடுகிறது. நல்ல முயற்சி. அதைப் படித்துவிட்டு மூடி வைக்காமல், அதைப் போல நம் பள்ளிக்கும் நான்கு பக்கத்தில் ஒரு கையெழுத்து இதழ் என்று ஒவ்வொரு பள்ளியும் தொடங்கினால் செலவு ஒரு குயர் தாள்தான்.

இவற்றையெல்லாம் ஆசிரியரின் தோளில் சுமத்திவிட்டு நகர்ந்துவிட முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ அலுவலகத்துக்கோ போய்விட்டால் மற்றவருக்கு ஐந்து வகுப்பும். செயலியில் விவரங்களைப் பதிவேற்றுவது தனி வேலை. இந்நிலையில் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பார்த்து எழுதச் சொல்வது ஒரு கல்வி முறையாக அன்றி, மற்ற வகுப்பைக் கவனிப்பதற்கான ஏற்பாடாகவே நிகழ்கிறது. ஆசிரியர்களைக் குறை சொல்பவர்கள் ஈராசிரியர் பள்ளியில் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும்.

கொள்கை வகுப்போரின் பார்வையும் வாசிப்போடு நின்றுவிடுகிறது. 2005 முதல் நடைபெற்றுவரும் 'அசர்' கள ஆய்வு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் முதன்மையாக அளவிடுகிறது. தலைப்புச் செய்தியாவதும் அவைதாம். கரோனாக் கால இடைவெளியை ஈடுசெய்ய 2022-இல் தமிழகம் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துப் பாடலும் செயல்பாடுகளுமாக வகுப்பறையை உயிர்ப்பித்தது, அதில் ஐயமில்லை. ஆனால், அதன் பயிற்சி நூல்களில் பிள்ளை எழுத வேண்டிய இடங்கள் பெரும்பாலும் கட்டங்களும் கோடிட்ட இடங்களுமே. நிரப்புவதற்கு ஒரு சொல் போதும். வெற்றுப் பக்கம் ஒன்றையாவது ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் விட்டுவைத்தால் அச்சுச் செலவு கூடப் போவதில்லை.

அன்று அந்த ஐந்தாம் வகுப்பில், 'எதையும் பார்க்க வேண்டாம். நீங்கள் பேசுவது போலவே எழுதுங்கள், பிழை பார்க்க மாட்டேன்' என்று மறுபடியும் சொன்னேன். ஆசிரியை, 'சார் சொல்றது நெசந்தான். எழுதுங்க' என்றார். இருபது நிமிடங்கள் ஆயின. பாதிப் பேர் இரண்டு வரி எழுதினார்கள். சிலர் நிலாவைப் பற்றிய பாடத்திலிருந்து நினைவில் இருந்ததை எழுதினார்கள். கடைசி வரிசைச் சிறுவன் ஒரே வரி எழுதிக் குறிப்பேட்டை நீட்டினான்: 'எங்கப்பா நேத்து ராத்திரி பெங்களூர்ல இருந்து வந்தாரு நான் தூங்கிட்டன்.'

ஆசிரியை அதை வாங்கிப் படித்தார். விரல்களுக்கிடையே சிவப்புப் பேனா இருந்தது. அதை மேசை மேல் வைத்துவிட்டு, 'காலைல எழுந்து பாத்தியா?' என்று கேட்டார். அவன் குறிப்பேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து மீண்டும் எழுதத் தொடங்கினான். மதிய உணவுக்கான மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தான்.